நண்பன் வீட்டுப் பழைய கம்ப்யூட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூர் அல்சூரில் நண்பன் வீட்டு மாடிப்படிக்கு அடியில், காலி கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில், ஒரு கம்ப்யூட்டர் ஏழெட்டு வருஷமாகச் சும்மா கிடந்தது. 2012-இல் அவன் அப்பா வாங்கியது. இன்டெல் கோர் ஐ3 மூன்றாம் தலைமுறை, ஹெச்61 மதர்போர்டு, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 7. அப்பா தவறிய பிறகு அதை யாரும் தொடவில்லை. "பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுடலாமாடா?" என்று அவன் கேட்டான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவகாசம் கேட்டேன். இப்போது அது ஓடுகிறது. விஷயம் முருகேஷ்பாளையா, ஸ்ரீராமபுரம் வரை பரவி, தெரிந்தவர்கள் எல்லாரும் அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஆளுக்கு ஒரு தடவை சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஆன் செய்து பார்க்கலாமா?

வேண்டாம். எல்லாருக்கும் கை அரிக்கும், தெரியும். ஆனால் பல வருஷம் கிடந்த பெட்டிக்குள் என்ன குடியிருக்கிறது என்று பார்க்காமல் கரன்ட் கொடுக்கக் கூடாது. ஈரம் கோத்த தூசி, கரப்பான் எச்சம், எறும்புப் புற்று என்று எதுவும் போர்டில் ஷார்ட் ஆக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. ஹார்டு டிஸ்க் சாகக் கிடக்கிறது என்றால், நீங்கள் ஆசையாக அழுத்தும் அந்த ஒரு தடவைதான் அது சுற்றும் கடைசித் தடவையாக இருக்கும். உள்ளே இருக்கும் போட்டோக்களை எடுக்க வேண்டிய தடவையை, லோகோ தெரிகிறதா என்று பார்ப்பதற்குச் செலவழிக்காதீர்கள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒரு பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சம் இருக்கும் கரன்ட் இறங்கும். அப்புறம் பின்பக்கம் இரண்டு ஸ்க்ரூ, சைடு பேனல் வந்துவிடும்.

உள்ளே என்ன இருந்தது?

பல்லி முட்டை ஓடு மூன்று. எஸ்எம்பிஎஸ் மேல், அதாவது பெட்டிக்குக் கரன்ட் கொடுக்கும் பவர் சப்ளை மேல், ஒரு கரப்பான், காய்ந்து காகிதம் மாதிரி. பிராசசர் ஃபேனைச் சுழற்றிப் பார்த்தால் சுற்றியது, ஆனால் அதற்குக் கீழே, பிராசசரின் சூட்டை இழுக்கும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்க்கின் இடுக்குகளில் தூசி கம்பளி போலப் படிந்திருந்தது. நகத்தால் ஒரு ஓரத்தைக் கிளப்பினால் முழுசாக ஒரு வட்டமாக உரிந்து வந்தது, தோசை மாதிரி. காற்று அதற்குள் எப்படிப் போயிருக்கும்?

முன்பக்கக் காற்றுத் துளைகளில் மட்டும் வேறு நிறத் தூசி, சிவப்பாக. ஒரு நிமிஷம் துரு என்று நினைத்துப் பயந்துவிட்டேன். தொட்டு முகர்ந்ததும் தெரிந்தது, குங்குமம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அவன் அம்மா கேபினெட்டுக்குச் சந்தனம் தடவி, குங்குமப் பொட்டு வைத்து, ஊதுவத்தி காட்டியிருக்கிறார். பொட்டு சரியாகக் காற்று போகும் ஜாலி மேலேயே. வருஷத்துக்கு ஒரு சிட்டிகை உள்ளே போயிருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன். "சரி கண்ணு, இனிமே மேல்பக்கமா வெச்சிடறேன்" என்றார். வைக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கும் மனசு வரவில்லை.

தூசியை எப்படி எடுப்பது?

மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். மூக்கில் மாஸ்க். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஒரு இஞ்ச் பெயிண்ட் பிரஷ், புதுசு, அதுதான் முக்கிய ஆயுதம். பிரஷ்ஷால் கிளப்பிவிட்டு, பிறகு புளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டால் அது கண்டபடி வேகமாகச் சுற்றி பேரிங் தேய்ந்துவிடும். வீட்டு வாக்குவம் கிளீனரை உள்ளே விடாதீர்கள். பிளாஸ்டிக் குழாயில் தூசி உரசி ஓடும்போது நிலைமின்சாரம் உண்டாகும், சிப்புக்கு அது ஆகாது. ஈரத்துணியும் கூடாது. ஒட்டிப் பிடித்த சந்தனம், குங்குமம், எச்சம் இவற்றுக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த இயர் பட்ஸ் போதும். நனைத்த இடம் நன்றாகக் காய வேண்டும்.

போர்டைத் தொடும் முன் கேபினெட்டின் பெயிண்ட் இல்லாத இரும்பைத் தொடும் பழக்கம் நல்லது. உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும்.

ஹீட்சிங்க்கைக் கட்டாயம் கழற்றுங்கள். இன்டெல்லோடு வரும் கூலருக்கு நான்கு மூலையிலும் கறுப்புக் குமிழ் இருக்கும். தலையில் போட்டிருக்கும் அம்புக்குறிப் பக்கமாகத் திருப்பி மேலே இழுத்தால் விட்டுவிடும். அடியில், பிராசசரின் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட் வெற்றிலைச் சுண்ணாம்பு காய்ந்தது போல் கட்டியாகியிருக்கும். ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, பிராசசர் நடுவில் புதுப் பேஸ்ட் பாதிப் பட்டாணி அளவு. அவ்வளவுதான். ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவது போல அப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்; அதிகம் வைத்தால் அதிகம் குளிராது, பக்கத்தில் வழியத்தான் செய்யும்.

திரும்ப மாட்டும்போது குமிழ்களை முதலில் பழைய நிலைக்குத் திருப்பிக்கொள்ளுங்கள். பிறகு குறுக்கும் நெடுக்குமாக, ஒரு மூலையை அழுத்திவிட்டு எதிர் மூலை. ஒவ்வொன்றுக்கும் 'டக்' என்று கேட்க வேண்டும். கேட்டாலும் நம்பாதீர்கள். போர்டின் பின்பக்கம் பார்த்தால் நான்கு துளையிலும் வெள்ளைக் காலுக்கு நடுவே கறுப்பு முள் தெரிய வேண்டும். எனக்கு முதல் தடவை மூன்றுதான் தெரிந்தது.

பக்கத்துக் கடையில் 'மதர்போர்டு போச்சு' என்கிறார்கள். நம்பலாமா?

நண்பனுக்கும் ஒரு கடையில் அப்படித்தான் சொன்னார்கள். பெட்டி மாடிப்படிக்கு அடியில் போனதே அதனால்தான். போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ராம் காலில் அழுக்கு.

ராம் குச்சியைப் பிடுங்கி, தங்க நிறத்தில் இருக்கும் கால்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மாட்டுங்கள். இரண்டு பக்கக் கிளிப்பும் தானாக மூட வேண்டும். கேலியாகத் தோன்றும் வைத்தியம்தான், ஆனால் டிஸ்பிளே வராத பழைய பெட்டிகளில் எனக்கு அதிகம் பலித்தது இதுதான்.

அதிலும் வரவில்லை என்றால், போர்டில் ஒரு சின்ன பஸ்ஸர் மாட்டுங்கள். ராம் இல்லாமல் ஆன் செய்தால் நீளமாகப் பீப் பீப் என்று கத்த வேண்டும். கத்தினால் போர்டும் பிராசசரும் உயிரோடு இருக்கின்றன, குறை ராமில் அல்லது அதன் ஸ்லாட்டில். கத்தவே இல்லை என்றால் எஸ்எம்பிஎஸ் பக்கம் திரும்புங்கள். அதன் 24 முனை கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டு, பச்சை வயர் துளையையும் ஒரு கறுப்பு வயர் துளையையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்து, அதற்கப்புறம் சுவிட்ச் போட்டால் அதன் ஃபேன் சுற்ற வேண்டும். மல்டிமீட்டர் இருந்தால் மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள், சிவப்பில் 4.75 முதல் 5.25-க்குள் இருக்கிறதா பாருங்கள். வெளியே இருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுங்கள். திறந்து பழுது பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர்களில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம்.

போர்டில் உருளையாக நிற்கும் கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ, கடைக்காரர் சொன்னது சரி என்று ஒத்துக்கொள்ளலாம்.

ஓடுகிறது, ஆனால் இன்டர்நெட்டில் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. 'பாதுகாப்பானதல்ல' என்று வருகிறது.

மூலையில் தேதியைப் பாருங்கள். 2012 ஜனவரி 1 மாதிரி ஏதோ ஒரு பழைய தேதி இருக்கும். வங்கியோ மெயிலோ எந்தத் தளமானாலும் அதன் சான்றிதழுக்கு ஒரு தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. உங்கள் கம்ப்யூட்டர் 2012-இல் உட்கார்ந்துகொண்டு பார்த்தால், அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால்தான் மறுக்கிறது.

போர்டில் காசு மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். 3 வோல்ட். கார் ரிமோட்டுகளில் இருப்பதும் பெரும்பாலும் அதுவே. முப்பது ரூபாய் வேலை.

ஒரு சூட்சுமம். பேட்டரி செத்தால் பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்னால் ஓடும் போர்டின் சொந்த அமைப்பு நிரல், தன் பழைய இயல்பு நிலைக்குப் போய்விடும். பல ஹெச்61 போர்டுகளில் அப்போது டிஸ்க் பயன்முறை, அதாவது போர்டு டிஸ்க்கோடு பேசும் விதம், ஏஹெச்சிஐ-யிலிருந்து பழைய ஐடிஇ-க்கு மாறிவிடும். ஏஹெச்சிஐ-யில் போட்ட விண்டோஸ் உடனே நீலத் திரை காட்டிச் செத்துவிழும். டிஸ்க் போச்சு என்று ஒப்பாரி வைக்கும் முன் பயாஸில் அதை ஏஹெச்சிஐ-க்குத் திருப்பி வைத்துப் பாருங்கள்.

பழைய டிஸ்கில் இருப்பதை எப்படி எடுப்பது?

நான் ரொம்ப நேரம் செலவழித்தது இதில்தான். மற்றது எல்லாம் கடையில் கிடைக்கும்.

பழைய விண்டோஸைப் பூட் செய்யவே வேண்டாம். அது ஆரம்பித்ததும் டிஸ்க்கில் எழுதத் தொடங்கிவிடும். லினக்ஸ் மின்ட் (விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம்) போட்ட பென் டிரைவிலிருந்து, டிஸ்க்கில் நிறுவாமலே 'லைவ்' ஆகப் பூட் செய்து, டிஸ்க்குகளைக் காட்டும் கருவியில் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தைத் திறந்து, மறு ஒதுக்கீடு செய்யப்பட்ட செக்டர் (கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடம்), காத்திருக்கும் செக்டர் (படிக்கத் தடுமாறும் இடம்) இந்த இரண்டு எண்ணையும் பாருங்கள். இரண்டும் பூஜ்யம் என்றால் நிம்மதியாகக் காப்பி செய்யலாம். காத்திருக்கும் செக்டர் இருந்தால், கோப்பு கோப்பாக இழுக்காமல் டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவியால் டிஸ்க் முழுவதையும் ஒரு பிரதி எடுத்துவிட்டு, அந்தப் பிரதியில் தேடுங்கள். அது நன்றாக இருக்கும் இடங்களை முதலில் அள்ளிவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். 'டிக் டிக்' என்று தட்டும் சத்தம் கேட்டால் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் உங்கள் வேலையும் இல்லை, என் வேலையும் இல்லை.

வேறு கம்ப்யூட்டரில் யுஎஸ்பி வழியாக மாட்டுவதாக இருந்தால், மேசைக் கணினியின் 3.5 இஞ்ச் டிஸ்க்குக்குத் தனி 12 வோல்ட் அடாப்டரோடு வரும் கேபிள் வேண்டும். லேப்டாப் டிஸ்க்குக்கான சின்ன உறை போதாது.

நண்பன் அப்பா அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கத்துக்கு அடிக்கடி போகிறவர். 2009 ஆகஸ்டில் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலையைத் திறந்த அன்று அவர் எடுத்த படங்கள் டிஸ்க்கில் இருந்தன. 1991-இலிருந்து 18 வருஷம் மூடிக் கிடந்த சிலை. தலை தலையாகக் கூட்டம், பாதிப் படத்தில் யாருடைய முதுகோ. அதோடு 'குறள்' என்று ஒரு ஃபோல்டர், நாற்பதுக்கு மேல் வேர்டு கோப்புகள். திறந்தால் தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக ஒரே குப்பை. "வைரஸாடா?" என்றான் நண்பன்.

வைரஸ் இல்லை. யூனிகோடு பரவலாவதற்கு முன் பாமினி மாதிரியான எழுத்துருக்களில்தான் எல்லாரும் தட்டினார்கள். கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்துகளின் எண்கள்தான். அந்த எண்ணுக்குத் தமிழ் உருவம் காட்டுவது எழுத்துரு. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் வேஷம் கலைந்துவிடும். ஆகவே பழைய டிஸ்கை அழிக்கும் முன், விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்துகொள்ளுங்கள். இதை மறந்து ஃபார்மேட் அடித்தவர்கள் எத்தனையோ பேர். எந்த எழுத்துரு என்று தெரிந்ததும் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் போட்டால் யூனிகோடாக மாறிவிடும். மாறியதும் ஒரு தடவை படித்துப் பாருங்கள், கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும் இடங்கள் உண்டு.

இன்னொன்று. இதையெல்லாம் வீட்டுக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். எந்த ஃபோல்டரைத் திறக்கலாம் என்பதை அவர்கள் சொல்லட்டும்.

எதற்குச் செலவு செய்யலாம்?

ஒரே ஒரு பொருளுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், எஸ்எஸ்டி, அதாவது சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கும் டிஸ்க். ஹெச்61 போர்டில் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா வழியின் வேகம் நொடிக்கு 3 ஜிகாபிட்தான், புது எஸ்எஸ்டியின் முழு வேகம் வராது. வராவிட்டால் என்ன? நொடிக்கு 250 எம்பி கிடைக்கிறது. அதைவிட, ஹார்டு டிஸ்க்கில் படிக்கும் தலை தேடி அலையும் நேரம் இதில் இல்லை. நாலு நிமிஷம் எடுத்த பெட்டி அரை நிமிஷத்துக்குள் எழுந்துகொள்கிறது. 2.5 இஞ்ச் சாட்டா வகையைக் கேட்டு வாங்குங்கள். குச்சி மாதிரி இருக்கும் என்விஎம்இ வகைக்கு இந்தப் போர்டில் இடமே கிடையாது.

அடுத்து ராம், 4-ஐ 8 ஆக்கலாம். ஹெச்61-இல் இரண்டு ஸ்லாட், 16 ஜிபி வரை. இதற்கு வேண்டிய டிடிஆர்3 வகை ராம் செகண்ட் ஹேண்டிலேயே கிடைக்கும். 'ஏஎம்டிக்கு மட்டும்' என்று ஒரு வகை மலிவாக விற்பார்கள், இன்டெல் போர்டில் அது வேலை செய்யாது. கிராஃபிக்ஸ் கார்டு, கலர் லைட் ஃபேன், புது கேபினெட் எதுவும் வேண்டாம்.

எனக்கு ஆன கணக்கு: 256 ஜிபி எஸ்எஸ்டி 1,650 ரூபாய், பழைய ராம் 450, தெர்மல் பேஸ்ட் 150, சாட்டா கேபிள் 60, பேட்டரி 30. மொத்தம் 2,340. ராம், எஸ்எஸ்டி விலை வாரத்துக்கு ஒன்றாக மாறுகிறது, அதனால் என் விலையைக் காட்டிச் சண்டை போடாதீர்கள்.

எங்கே வாங்குவது?

எஸ்.பி. ரோடுதான், வேறெங்கே. சாதர் பத்ரப்ப ரோடு என்ற முழுப்பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரரே யோசிப்பார். அல்சூரிலிருந்து ஊதா மெட்ரோவில் மெஜஸ்டிக், அங்கே பச்சைக்கு மாறி சிக்கபேட்டை அல்லது கே.ஆர். மார்க்கெட். அங்கிருந்து நடைதான். வண்டியில் போய் நிறுத்த இடம் தேடும் நேரத்தில் ராம் மாட்டிவிடலாம்.

'எஷ்டு' (எவ்வளவு) என்று ஆரம்பித்து 'சொல்ப கம்மி மாடி' (கொஞ்சம் குறைங்க) வரை கன்னடத்தில் போங்கள், அதற்கு மேல் தமிழோ இந்தியோ வந்துவிடும். பழைய ராம் குச்சியைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். செகண்ட் ஹேண்ட் பொருளுக்குக் கடையிலேயே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள், எத்தனை நாள் மாற்றித் தருவார்கள் என்பதைப் பில்லிலேயே பேனாவால் எழுதி வாங்குங்கள்.

விண்டோஸா, லினக்ஸா?

விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2020 ஜனவரி 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைப் பிராசசரும் வேண்டும். இதுவோ மூன்றாம் தலைமுறை. ஏமாற்றி ஏற்றும் வழிகள் உண்டு. எனக்கு அதில் விருப்பமில்லை, ஒரு பெரிய அப்டேட்டில் கவிழ்ந்தால் ராத்திரி பத்து மணிக்கு எனக்குத்தான் போன் வரும்.

லினக்ஸ் மின்ட் 22, அதிலும் பழைய பெட்டிக்குப் பாரமில்லாத எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போட்டேன். 2029 ஏப்ரல் வரை புதுப்பிப்பு உண்டு. பிரவுசர், யூடியூப், வீடியோ கால், கடிதம் தட்டுவது இவற்றுக்குத் தாராளம். வீட்டில் யாராவது டேலியில் கணக்கு எழுதுகிறார்கள் என்றால் இந்த யோசனையே வேண்டாம், அது விண்டோஸுக்கான மென்பொருள். முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

லினக்ஸில் தமிழ் தட்ட முடியுமா?

முடியும். ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள்கள் இரண்டையும் நிறுவினால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு என்று விசைப்பலகை முறைகள் எல்லாம் பட்டியலில் வரும்.

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது.

சாக்கெட்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ் முகப்பில் இருக்கும் வடிகட்டிக் கெபாசிட்டர்கள் இரும்புப் பெட்டிக்குக் கொஞ்சம் கரன்ட் கசியவிடும், எர்த் இருந்தால் அது பூமிக்குப் போய்விடும், இல்லாவிட்டால் உங்கள் வழியாகப் போகும். கன்டோன்மென்ட் பக்கப் பழைய வீடுகளில் மூன்று முனை சாக்கெட் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அதுவரை செருப்பில்லாமல் தொடாதீர்கள்.

கழற்றிய பழைய பொருள்களை என்ன செய்வது?

பழைய டிஸ்கை ஒரு வருஷம் பத்திரமாக வைத்திருங்கள். எதையோ காப்பி செய்ய மறந்தது ஆறு மாசம் கழித்துத்தான் ஞாபகம் வரும். பிறகு முழுசாக மேலெழுதி அழித்துவிட்டுக் கொடுங்கள். 2022-இன் மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும். பெங்களூருக்கு வெளியே தாபஸ்பேட்டையில் இருக்கும் இ-பரிசரா அந்தத் துறையில் பழைய பெயர். தெருவில் கூவி வருகிறவரிடம் போட்டால் வயர் எங்கேயோ ஒரு காலி மனையில் எரியும், தாமிரத்துக்காக.

எங்கள் வீட்டிலும் ஒன்று கிடக்கிறது. வந்து பார்ப்பீர்களா?

உடனே வர முடியாது. முதலில் சைடு பேனலைக் கழற்றி, பகல் வெளிச்சத்தில் மூன்று படம் எடுத்து அனுப்புங்கள்: போர்டு முழுசாக, கெபாசிட்டர்களின் தலை கிட்டத்தில், எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர். ஆன் செய்யாதீர்கள். உள்ளே பல்லி உயிரோடு இருந்தால் படம் எடுக்கும் முன் அதை வெளியே விட்டுவிடுங்கள், நான் அதற்குப் பயப்படுவேன்.